பழவேற்காட்டுக்குப் பையில் போன தொப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குத் திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஓர் ஓலைத் தொப்பி. பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து பஸ். பழவேற்காட்டில், அந்தத் தொப்பியைப் பின்னியவர் வீட்டில் மதியச் சாப்பாடு. இவ்வளவுதான் பயணம். இதற்கே முந்தின நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன வருஷம் என் உச்சந்தலையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. அங்கே வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் என்னோடு பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பஷீர் பழவேற்காட்டுக்காரன். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தவன், ஆப்பிள் பொட்டலம் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, தையல்காரர் மாதிரி என் தலையைச் சுற்றி அளந்து, ஒரு முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "எங்க அக்கா பனையோலையில பொட்டி பின்றவங்க. உனக்கு ஒரு தொப்பி பின்னச் சொல்றேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

விளையாட்டு இல்லை. நான் வேலைக்குத் திரும்பிய சில வாரத்தில் தொப்பி வந்துவிட்டது. குருத்தோலையைச் சேமியா மாதிரி கிழித்துப் பின்னியிருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு பொட்டுத் துளை தெரியாது. விளிம்பு சுற்றிலும் நான்கு விரல் அகலம். உச்சியில் ஆரம்பித்த பின்னல் எங்கே முடிகிறது என்று நானும் என் மனைவி சாந்தியும் டார்ச் அடித்துத் தேடினோம். கிடைக்கவில்லை.

"இதப் போயி தலையில வெப்பாங்களா? எண்ணெ பட்டா போச்சு" என்றாள் சாந்தி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஷோகேஸில் பொம்மைகளை நகர்த்தி இடம் செய்து வைத்தோம். அன்றிலிருந்து நான் தலையில் துண்டு போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். பஷீர் கேட்டபோதெல்லாம், வெளியூர் போகும்போது போடுகிறேன் என்று சமாளித்தேன்.

எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. எங்கள் தெருமுனை டீக்கடையில் எந்த நேரமும் நாலு பேர் நிற்பார்கள். துண்டு போட்டவனை யாரும் பார்ப்பதில்லை. தொப்பி போட்டவனைப் பார்ப்பார்கள். கூப்பிட்டு நிறுத்துவார்கள்.

இப்போது பஷீர் லீவில் ஊருக்குப் போயிருந்தான். "அக்கா உன்ன சாப்பிடக் கூப்டறாங்க. தொப்பியப் போட்டுனு வா, பாக்கணுமாம்" என்று போன் செய்தான். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போக மனம் வரவில்லை. ஊருக்குள் நுழையும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியில் வைத்தேன். தொப்பி இருக்கிறதே என்று துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்தேன். எண்ணூர் தாண்டுவதற்குள் மூன்று முறை இடம் மாற்றினேன். மேலே வைத்தால் யாராவது மூட்டையை அதன் மேல் போடுவார்கள், கீழே வைத்தால் மிதிப்பார்கள். எதிரில் காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அத்திப்பட்டு வரை பொறுத்துப் பார்த்தார்.

"அதுல இன்னாப்பா, முட்டையா?"

"இல்லம்மா. தொப்பி."

"அட, அதுக்கா இந்தப் பாடு? கீழ வையி. ஒடஞ்சா கொட்டுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீஞ்சூர் தாண்டியதும் புகைபோக்கிகள் பின்னால் போய் வயல் வர ஆரம்பித்தது. அனுப்பம்பட்டில் ஒரு கூட்டம் ஏறி, என் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது. பொன்னேரியில் இறங்கும் வரை இரண்டு கைகளாலும் பெட்டியை அணைத்தபடி இருந்தேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். டிக்கெட் பதினேழு ரூபாய். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். இரு பக்கமும் நெல் அறுத்த வயல்கள். போகப் போக மரங்கள் குறைந்து, காற்றில் கருவாட்டு வாசனை வந்தது. இப்போது போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு முறை பெட்டிக்குள் கையை விட்டேன். ஒவ்வொரு முறையும் யாராவது பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு பஸ் நின்றது. பஷீர் லுங்கியில் வந்து நின்றான். முதலில் என் தலையைத்தான் பார்த்தான்.

"தொப்பி எங்கப்பா?"

"பையில."

"பையிலயா! நல்லா கீதே. வீட்டுக்கு வரப்பவாவது தலையில ஏத்திடு. அக்கா நேத்துலேர்ந்து கேட்டுனுகீறாங்க."

சாப்பாடு ஆக இன்னும் நேரம் இருந்தது. பஷீர் இறால் வாங்கப் போகவேண்டும். அதுவரை ஏரியைப் பார்த்துவிட்டு வா என்று தெரிந்த மீனவர் ஒருவரின் படகில் என்னை ஏற்றிவிட்டான். அவர் பெயர் தேசப்பன். நாற்பது வயதிருக்கும். அக்கரை மணலில் காயப்போட்ட வலையை எடுத்துவரப் போகிறார். மோட்டார் இல்லாத சின்னப் படகு, நீண்ட கழியை ஊன்றித் தள்ளினார்.

"இன்னிக்கி மீன் புடிக்கலியா?" என்று கேட்டேன். ஏதாவது பேசவேண்டுமே என்றுதான்.

"இன்னிக்கி நம்ம பாடு இல்ல சார். ஏரியில எந்த எடத்துல என்னிக்கி யார் வலை போடறதுன்னு ஊர்ல முறை வச்சிகீறோம். அதான் பாடு. நம்மளுது நாளைக்கி. இன்னிக்கி வலையப் போட்டா செத்துப்போன நம்ம நைனாகூட எழுந்து வந்து ஒதைப்பாரு."

ஏரி கண்ணுக்கு எட்டும் வரை விரிந்து கிடந்தது. வடக்கே இதே தண்ணீர் ஆந்திரா வரை போகிறது என்றார். தூரத்தில் கலங்கரை விளக்கம் ஒரு சாக்பீஸ் துண்டு போல நின்றது. ஆழமில்லாத இடத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி வரிசையாக நடந்தன. அழகான இடம்தான். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. மாசி மாத வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது. முடி இல்லாத அந்த இடம் எரிய ஆரம்பித்தது. ஒரு கையால் அதை மூடிக்கொண்டேன். மறு கையில் பெட்டி.

தேசப்பன் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியில இன்னா சார்?"

"தொப்பி."

"ஆரு தலைக்கு?"

"என் தலைக்குத்தான்."

கழியை ஊன்றி நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார்.

"அப்ப வெயிலு பொட்டிக்கா படுது?"

வேறு வழியில்லை. நடு ஏரியில் அவரைத் தவிரப் பார்ப்பதற்கு ஆளும் இல்லை. துணியைப் பிரித்துத் தொப்பியை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையில் வைத்தேன். அது நேராகப் புருவம் வரை இறங்கியது. கண் மறைந்தது. சரி செய்யக் கையைத் தூக்குவதற்குள் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கொஞ்ச தூரம் பறந்து, தண்ணீரில் தட்டு போல உட்கார்ந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"உக்காரு சார், உக்காரு! படவக் கவுத்துடாத! எங்கயும் போவாது அது. எறங்கி நடந்து போயி எடுத்துனு வா."

"எறங்கியா?"

"முட்டித் தண்ணிதான் சார். இந்த ஏரியில டச்சுக்காரன் கப்பல் வந்துச்சின்னுவாங்க. இப்போ ஒரு தொப்பி முழுவறதுக்குக்கூட தண்ணி கெடையாது."

பேன்ட்டை மடித்து இறங்கினேன். முட்டி வரை தண்ணீர், அதற்குக் கீழே சேறு. ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைந்தது. நான் இரண்டு அடி வைத்தால் தொப்பி நான்கு அடி நகர்ந்தது. பூநாரைகள் எல்லாம் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. கடைசியில் எட்டிப் பிடித்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தேன். தொப்பியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. ஒரு வருஷம் விரல் படாமல் வைத்திருந்ததை, எடுத்த நிமிஷமே ஏரியில் போட்டுவிட்டேனே என்று இருந்தது. அக்கரையில் வலையை ஏற்றிக்கொண்டு, தேசப்பன் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

பஷீரின் அக்கா வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அக்கா பெயர் ஜமீலா. கண்ணாடி போட்டிருந்தார். "வாங்க தம்பி" என்று தொடங்கியவர், என் ஈர பேன்ட்டையும் கையில் இருந்ததையும் பார்த்து நிறுத்திவிட்டார். நடந்ததைச் சொன்னேன். எப்படியும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தொப்பியை வாங்கி, ஒரு குடம் நல்ல தண்ணீரை அதன் மேல் ஊற்றி உப்பைக் கழுவினார். உதறிவிட்டு என் தலையில் வைத்தார். மறுபடியும் புருவம் வரை இறங்கியது. தொப்பிக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"இது எப்பிடி? நான் நூலு வெச்சித்தானே பின்னுனேன். பஷீரு, எப்ப அளந்தே நீ?"

"ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியில தலையில கட்டு இருந்துச்சா?"

பஷீர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கட்டு இருந்தது. ஒரு தலையணை அளவுக்கு இருந்தது.

"கட்டோட அளந்தியாடா? பேண்டேஜுக்கா தொப்பி பின்னச் சொன்னே?" என்று அக்கா இறால் கரண்டியை எடுத்தார். பஷீர் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப தம்பி, இத்தினி நாளா ஒரு தபாகூட போட்டுப் பாக்கலியா? சரியா இருக்கா, காது ஒரசுதான்னு நான் பாட்டுக்கு நெனச்சினு கெடக்கேன்."

"ரொம்ப நல்லா இருந்துச்சிக்கா. அதான் போட மனசு வரல, ஷோகேஸ்ல வெச்சிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அது சரியான பதிலாகத் தெரியவில்லை.

"உள்ள துணி வச்சித் தைச்சிடலாமே" என்றான் பஷீர் கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஊசி போற எடமெல்லாம் ஓலை கிழிஞ்சிடும். நீ வாய மூடு." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அக்கா சொன்னார். "தம்பி, ரெண்டு வழி கீது. இப்பிடியே காயவெச்சித் தரேன், எடுத்துனு போயி ஷோகேஸ்லயே வெச்சிக்கலாம். ஒரு கொறையும் தெரியாது. இல்ல, தலையில போடணும்னா பின்பக்கம் விளிம்புலேர்ந்து அவுத்து, ஓலைய எடுத்துட்டுச் சேக்கணும். பழைய ஓலை சிலது ஒடியும். புது ஓலைதான் வெக்கணும். இது மஞ்சளாயிடுச்சி, புதுசு வெள்ளையா இருக்கும். ஒட்டுப் போட்டது எப்பவும் தெரியும்."

"யோசிச்சிச் சொல்றேன்கா."

"யோசிக்கலாம். ஆனா அவுக்கறதுன்னா ஈரமா இருக்கறப்பவே அவுக்கணும். காஞ்சிடுச்சின்னா மறுபடியும் ஊறப்போடணும், ஓலை ரொம்பத் தாங்காது. சோறு ஆறினா சுடவெச்சிக்கலாம்."

எனக்கு உடனே பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. சந்தில் போய் நின்றேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போய் நின்றேன். உள்ளே இறால் குழம்பு கொதித்தது. வெயிலில் நின்றதும் உச்சந்தலை திரும்பவும் எரிந்தது. டார்ச் அடித்து நாங்கள் தேடிய அந்தப் பின்னல் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு ஒட்டு. யோசிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒரு வருஷமாகத் தன் தொப்பி என் காதில் உரசுகிறதோ என்று ஒருவர் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே வந்து, "தலைக்கே இருக்கட்டும்கா" என்றேன்.

அக்கா ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளிம்பின் மேல் பிளேடை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "நான் பின்னுனதுலியே இதான்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தலைக்குன்னுதான பின்னுனேன்" என்று அவரே சொல்லிக்கொண்டு அறுத்தார். ஒரு ஓலை டக்கென்று ஒடிந்தது. அவர் நிமிரவில்லை.

மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டோம். குழம்பை இரண்டு முறை சுடவைத்தார்கள். ஒட்டு பின்பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. தொப்பி என் தலையில் நெற்றிக்கு மேலே போய் நின்றது. அக்கா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். காதின் பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். "உம்" என்றார். பிறகு, "தண்ணி பட்டா பரவால்ல தம்பி. பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போட்டு வெக்காதீங்க, பூஞ்சை புடிக்கும். கழட்டினா ஆணியில மாட்டுங்க" என்றார். பெட்டியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் என் தலையைப் பார்த்துவிட்டு டிக்கெட் கொடுத்தார், அவ்வளவுதான். அதே பதினேழு ரூபாய். இந்த முறை ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வயல்களைப் பார்த்தேன். ஆனால் மனம் முழுவதும் எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. பழவேற்காட்டில் என்னை யாருக்கும் தெரியாது. ஏரியில் விழுந்தாலும் பூநாரைதான் பார்த்தது. திருவொற்றியூரில் அப்படி இல்லை. ரயிலில் மீஞ்சூர் வந்தபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன். ஒட்டு மேலே தெரிந்தது. எண்ணூரில் மறுபடியும் போட்டுக்கொண்டேன். விம்கோ நகரில் கழற்றினேன்.

ஊரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. வெயில் இல்லை. தொப்பிக்கு வேலையே இல்லை, கையில் பிடித்துக்கொண்டு போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தெரு திரும்புவதற்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

டீக்கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான் கூப்பிட்டார்.

"இன்னா மணிண்ணே, ராத்திரியில தொப்பி? புதுசா?"

"இல்லப்பா. ஒரு வருஷமா வச்சினுகீறேன்" என்றேன்.

வழக்கமாக நான் அங்கே நிற்பதில்லை. அன்றைக்கு நின்று ஒரு டீ குடித்தேன். பன்னிரண்டு ரூபாய். பின்னால் இருந்த யாரோ ஒருவர், "ஒட்டுப் போட்டிருக்குது பாரு" என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. திரும்பிப் பார்த்து, "ஆமா, தலைக்கு அளவு பண்ணது" என்றேன்.