வில்மர் ஹெப்ளரும் மூன்று குண்டுகளும்

வில்மர் ஹெப்ளர் என் ஆப்பிள் பை தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மூன்று ஈயக் குண்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். "தொட்டுப் பாரு. கண்ண மூடிக்கிட்டுத் தொடு. மான் மேல எது பட்டா உடனே விழும்?" என்றார். நான் காபியை முடிக்கவில்லை. பரிமாறும் பெண் வந்து, "வில்மர், சாப்பிடற மேசையில ஈயத்த வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள். அவர் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

துப்பாக்கிக் குழலின் வாய் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் நாற்பத்தைந்தா, ஐம்பதா, ஐம்பத்துநான்கா? எங்கள் பென்சில்வேனியா மலையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் பருவத்துக்குச் சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் பழைய மாதிரித் துப்பாக்கி மட்டும்தான் செல்லும். மற்ற நாங்களெல்லாம் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போய்விடுகிறோம். வில்மர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

தொழிலில் அவர் வீடுகளுக்குச் சூடேற்றும் உலைகளைப் பழுது பார்ப்பவர். நிலவறையில் உலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கும்போது, நாற்பத்தைந்தின் நன்மைகளை எடுத்துச் சொல்வார். வெடிமருந்து குறைவாகப் போதும், குண்டு நேராகப் போகும், தோளில் உதை இல்லை. உலையை மூட்டும் வேளையில் ஐம்பத்துநான்கின் பக்கம் சாய்ந்திருப்பார். பல் மருத்துவரிடம் வாய் திறந்து படுத்திருந்தபோது விரலால் எண்களைக் காட்டிக் கேட்டாராம். யார் என்ன சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "சரி, மனசுல வச்சுக்கறேன்."

இதைக் கேலி செய்ய ஆள் குறைவில்லை. வேட்டைக் குடிலில் எங்களோடு தங்கும் ஹார்லன், "டேய், கல்யாணத்துக்கு நீயே பொண்ணு பார்த்திருந்தா இன்னும் மாப்பிள்ளைக் கோலத்துல நின்னுக்கிட்டிருப்ப" என்பான். "என்னைய முடிவு பண்ணினதே அர்லீன்தான்டா" என்பார் வில்மர், தன் மனைவியைச் சொல்லி, சிரிக்காமல்.

ஆனால் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு குளிர்காலத்துக்கு முன் தன் நாற்பத்தைந்தால் ஒரு பெண்மானைத் தொலைவிலிருந்து சுட்டார். பட்டது, விழவில்லை. பனியில் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே ஓடைவரை போனார். இருட்டிவிட்டது, இரவில் புதுப்பனி கொட்டித் தடத்தை மூடிவிட்டது. மார்ச்சில் பனி கரைந்ததும் தனியாகப் போய்த் தேடியிருக்கிறார். அன்றிரவு அவர் தேடலை விட்டுத் திரும்பிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், முட்செடிக்குள் எலும்பாகக் கிடந்தது. அதைச் சொன்ன நாளில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. மறுவாரமே அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டார்.

பெரிய குண்டு வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அதில்தான் சிக்கல். இந்தத் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் காதோரம் முதலில் மருந்து பளிச்சென்று எரியும், ஒரு கண நேரம் கழித்துத்தான் குண்டு கிளம்பும். அந்த நேரத்தில் கண்ணை மூடினால் போச்சு. குழலின் வாய் பெரிதாகப் பெரிதாக உதை பெரிது, உதைக்குப் பயந்து கண் மூடும். "சின்னதா இருந்தா சாகாது. பெருசா இருந்தா நான் சிமிட்டிருவேன், எங்கயோ பட்டுத் தொலைக்கும். இதுக்கு ஒரு வழி சொல்லு" என்பார். அர்லீன் ஐம்பது வைத்திருக்கிறாள், ஆண்டுதோறும் மான் அடிக்கிறாள். அவளிடம் மட்டும் அவர் கேட்பதில்லை.

துப்பாக்கி செய்யும் டைட்ரிக் அவர் துப்பாக்கியின் கட்டைக்கென்று அலையலையாக வரியோடிய மேப்பிள் மரப்பலகை ஒன்றை எடுத்து வைத்துக் காத்திருந்தார். இந்த ஆண்டு டைட்ரிக்குக்கும் பொறுமை போய்விட்டது. தன்னுடைய ஐம்பத்துநான்கை வில்மர் கையில் கொடுத்து, "இந்த சீசன் இத வச்சுக்க. கடைசி நாள் ராத்திரிச் சாப்பாட்டுல நம்பரச் சொல்லிடணும். சொல்லலேன்னா பலகை அடுத்த ஆளுக்கு" என்றார்.

கடைசி நாள் காலை மேட்டுப்பக்கம் ஒரே ஒரு வெடி கேட்டது. நான் ஏறிப் போனபோது புகை இன்னும் கலையவில்லை. வில்மர் பனியில் மண்டியிட்டிருந்தார்.

"பெண்மான். கிட்டத்துலதான் நின்னுச்சு. கண்ண மூடிட்டேன்" என்றார்.

பனியில் உதிர்ந்த முடி இல்லை, ரத்தம் இல்லை; குண்டு படவில்லை என்றுதான் அர்த்தம். அவருக்கு அது போதவில்லை. குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நானும், ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்த அர்லீனும். ஓடையைத் தாண்டினோம், மறுபக்கச் சரிவில் ஏறினோம். என் முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. உச்சியில் ஒரு புதரருகே தடம் நின்று, அதையே சுற்றி வந்திருந்தது. கிளை நுனிகள் புதிதாகக் கடிபட்டிருந்தன. அர்லீன் ஒரு நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"நிதானமா நின்னு தின்னுட்டுப் போயிருக்கு, வில்மர். அடிபட்டது இப்படித் தின்னுமா?"

அவர் அந்தக் கிளையை நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் காபியை வாங்கிக் குடித்தார்.

இரவு பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் நான்தான் சமைத்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் டைட்ரிக், "சரி, நம்பர்?" என்றார்.

"ஐம்பது" என்றார் வில்மர்.

டைட்ரிக் சந்தேகத்தோடு பார்த்தார். "நெசமாத்தானா?"

"அர்லீனோட துப்பாக்கியில தகர டப்பாவச் சுடறப்ப நான் சிமிட்டறதில்ல. அவளத்தான் மொதல்ல கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் அர்லீன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ஹார்லன் எழுந்து கத்தரிக்கோலை எடுத்தான். எங்கள் குடிலில் மானைத் தவறவிட்டவன் சட்டையில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்வாலை வெட்டிப் பெயரெழுதிச் சுவரில் ஆணியடிப்போம். அந்த மானம் போவதற்குப் பயந்து ஆட்கள் முரண்டு பிடிப்பார்கள், கழிவறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொள்வார்கள், இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டுவோம். நானும் ஒரு கையைப் பிடிக்கத் தயாராக எழுந்தேன்.

"ஐயோ, கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை!" என்றாள் அர்லீன்.

வில்மர் அதற்குள் எழுந்து எங்களுக்கு முதுகு காட்டி நின்றுவிட்டார். சட்டையைக் கால்சட்டைக்குள்ளிருந்து முழுவதும் வெளியே உருவி, கத்தரி கோணாமல் போவதற்காக, பின்வாலின் இரு முனைகளையும் இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.