ஈய முத்திரை வைத்தவர்

நாகப்பட்டினத்தில் நான் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிடங்குக்கு வருடம் ஒருமுறை வால்வு சோதிக்க என் வயதுள்ள பெண் அதிகாரி ஒருவர் வருவார். குழாயில் அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கும் வால்வு அது. அவர் ஈய முத்திரை வைத்தால்தான் குழாயை ஓட்டலாம். முத்திரையை அழுத்தியதும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்.

போன வருடம் சோதனைத் தண்ணீர் பீறிட்டு என்னை நனைத்தது. நான் பேசாமல் நின்றேன்.

"அழுத்தம் ஏறினா வாயைத் திறக்கணுங்க. உங்களை மாதிரி இருந்தா வால்வுக்கு நான் சர்டிபிகேட் தரமாட்டேன்" என்று சிரித்தார்.

அடுத்த முறை ஏதாவது பேசிவிட வேண்டும் என்று வருடம் முழுக்க நினைத்திருந்தேன். இந்த முறை வேறொருவர் வந்தார்.

"பழைய முத்திரையை வெட்டுங்க" என்றார்.

அவங்க வரலையா என்று கேட்க வாய் வரவில்லை. வெட்டுவதற்கு முன் அந்த ஈயத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினேன்.