சுரங்கத்தில் வெட்டிய வாய்க்கால்

குடவாசல் பக்கத்து வயலில் வெயிலைப் பார்த்தே மணி சொன்னவன் நான். ஆப்பிரிக்காவில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனபின் பகல் எது, இரவு எது என்றே தெரியவில்லை. கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டும். இருமினால் கறுப்பாக வந்தது. படுத்தால் தூக்கம் வராது, எழுந்து அறைக்குள்ளேயே நடப்பேன்.

ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் மனைவிக்குப் போன். "தண்ணி வந்துச்சா?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

"சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்குறீங்களா?" என்று கடிந்துகொண்டே எல்லாம் சொல்வாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று, நடவு ஆரம்பித்தாயிற்று. அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் சுரங்கச் சுவரில் தண்ணீர் கசிந்தது. கசிவைக் கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நானோ மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, கரிச்சேற்றை அணைத்து வரப்புப் போட்டு, தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். அங்கே போனதிலிருந்து அன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தேன். ஃபோர்மேன் காலரைப் பிடித்து இழுத்தபோதுதான் சைரன் ஊதுவதே காதில் விழுந்தது.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்ததும் அவர் திட்டித் தீர்த்தார். பிறகு தணிந்து, "இந்த வேலை உனக்கு ஒத்துவராது. ஊருக்குப் போகிறாயா? டிக்கெட் போடுகிறோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மனைவியைக் கூப்பிட்டேன்.

"வந்துடறேன். களையெடுப்புக்கு நான் இருப்பேன்."



"வாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "வயலைப் போன தையிலேயே குத்தகைக்கு விட்டுட்டேங்க. ஒத்தையா முடியல. சொன்னா ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல."

"அப்ப நாத்து விட்டாச்சுன்னு சொன்னதெல்லாம்?"

"அவங்க விட்டதுதான். தெனமும் வரப்புல நின்னு பாத்துட்டு வந்து சொன்னேன்."

போனைத் தூக்கி எறியாத குறைதான். கோபம் அவள்மேலா, என்மேலா, எனக்கே தெரியவில்லை. வயலில்லாத வீட்டில் போய் உட்கார்ந்து என்ன செய்வது? காலையில் ஃபோர்மேனிடம் கெஞ்சி, இருந்துகொள்கிறேன் என்றேன். மறுபடியும் கீழே இறங்கினேன்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டேன். 

"அவங்க நடவு முடிச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு மா நிலம் பாக்கி இருக்குங்க" என்றாள். 

நாளைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.