தம்பி கட்டி வந்த காப்பு

துணி வெட்டும் கத்தரிக்கோலால்தான் அதை அறுத்தேன். தம்பியின் வலது மணிக்கட்டில் இருந்தது: மஞ்சள் தோய்த்த நூல், நடுவே முடிந்த ஒரு காய்ந்த வேப்பிலை. கூட வேலை செய்கிறவர்களின் அம்மன் திருவிழாவுக்கு அவனும் சேர்ந்து காப்புக் கட்டியிருந்தான். கல்மண்டபம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், கையை நீட்டிக் காட்டிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தம்பி காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனான். போன இடத்தில் குடியும் ஒட்டிக்கொண்டது. ஏழு வருடம் அவனுக்காக நான் செய்யாத நவநாள் ஜெபம் இல்லை, இருக்காத ஒருசந்தி விரதம் இல்லை. கோயிலில் நடக்கும் தியானக் கூட்டத்துக்கு இழுத்துப் போனால் பாதியில் எழுந்து ஓடிவிடுவான். "யக்கா, நீ பேசாம மடத்துல சேந்துக்கினு இருக்கலாம்" என்று கிண்டல் வேறு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவன் எப்படித் திருந்த வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்து வைத்திருந்தேன். பாவசங்கீர்த்தனம் செய்து, என் பக்கத்தில் முழங்காலிட்டு, நற்கருணை வாங்க வேண்டும். கடவுளுக்கே வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பதினோரு நாளாச்சுக்கா. காப்புக் கட்டிகினா சரக்கத் தொடக்கூடாது. கையெல்லாம் நடுங்குது, ஆனா ஒரு சொட்டு தொடல. போட்ல அல்லாரும் கூடவே கீறானுங்கோ, வுடமாட்டானுங்கோ" என்றான்.

நான் எதையும் காதில் வாங்கவில்லை. கயிறு மட்டும்தான் கண்ணில் பட்டது. "மாதா இருக்கிற வூட்டுக்கு இதக் கட்டிகினு வர்றியே, வெக்கமா இல்ல?" தையல் மெஷின் மேலிருந்த கத்தரி கைக்கு வந்துவிட்டது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் என்னை இன்றும் வதைக்கிறது. கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "செரிக்கா" என்று மட்டும் சொன்னான். காப்பு அறுந்தால் விரதமும் போச்சு என்பது அவர்கள் வழக்கம். அன்று சாயங்காலமே குடித்தான். ஒரு வருடத்துக்குள் ஈரல் கெட்டுச் செத்துப்போனான்.

அடக்கத்துக்கு மறுநாள் அவனுடைய படகுக் கூட்டாளி ஒருவர் வந்தார். நெற்றியில் விபூதி, கண்ணெல்லாம் சிவப்பு. என் எதிரே உட்கார்ந்து சொன்னார்.

"காப்புக் கட்டிக்கினப்போ, இன்னா வேண்டிக்கினன்னு கேட்டேன்க்கா. 'நான் ஒண்ணும் வேண்டிக்கல மாமு. எங்கக்கா ஏழு வருசமா வேண்டிக்கினு கீது. அதுக்குத்தான் சாமி இப்ப என் கையப் புட்ச்சிக்கினாரு'ன்னான். மொதல்ல உன்கிட்டதான் காட்டணும்னு ஓடியாந்தான்."

இப்போதும் ஜெபக்கூட்டத்தில் தாய்மார்கள் என்னிடம் தங்கள் பிள்ளைகளுக்காக வேண்டச் சொல்லி அழுகிறார்கள். வேண்டிக்கொள்கிறேன். எப்படித் திருத்த வேண்டும் என்று மட்டும் கடவுளிடம் சொல்வதில்லை. என் வேண்டுதல் எட்டும் முன்பே அவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பார். பிள்ளை வந்து எதையாவது காட்டினால் முழுசாகக் கேளுங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்கிறேன். எதற்காகச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏழு வருடம் அழுது கேட்ட வரம் வீடு தேடி வந்து நின்றது. அவனை உள்ளே வாடா என்றுகூட நான் கூப்பிடவில்லை.