விறகுப்புரைக்குப் போன கால்கள்

சின்ன வயதில் அம்மன் என் முகத்தில் விளையாடிவிட்டுப் போனாள். அவளுக்கென்ன, விளையாட்டு, அம்மைத் தழும்போடு வாழ்ந்தது நானல்லவா. அதன் பிறகு வாசலில் வண்டி வந்து நின்றால் போதும், அம்மா எனக்கு ஒரு கண்ஜாடை காட்டுவாள். நான் புறவாசல் வழியாகப் போய், கொல்லையில் விறகு அடுக்கிவைக்கும் விறகுப்புரைக்குள் நின்றுகொள்வேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த நாட்களில் பாயாசத்தின் வாசனை மட்டும்தான் எனக்கு. ‘இளையவள் எங்கே’ என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒருவரும் கேட்டதில்லை.

அக்காவுக்குக் கல்யாணமான பிறகு, என்னைக் கேட்டும் கருங்கல் ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பட்டப்பகலில் என் முகத்தை நன்றாகப் பார்த்தவர்கள். பார்த்த பிறகும் வருகிறார்கள். இதை விட்டால் இன்னொன்று வராது என்று எனக்குத் தெரியும். விடியும் முன்பே குளித்து, பிச்சிப்பூ வைத்து, பட்டு உடுத்தி அடுக்களையில் நின்றேன். ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

வண்டிச் சத்தம் கேட்டது.  அடுத்து எனக்கு நினைவிருப்பது பட்டுச்சேலையில் குத்தி நின்ற விறகுச் சிலாம்புதான். நான் புரைக்குள் நின்றிருந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை. திரும்பிப் போகத்தான் நினைத்தேன், கால் கேட்டால்தானே.

உள்ளே என்னைத் தேடினார்கள். மாப்பிள்ளையின் தாயார் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பிள்ளைக்கு மனசில்ல போல. நாம நிர்ப்பந்திக்கப்பிடாது.”

வண்டி கிளம்பியது. அம்மா புரைக்கு வந்தாள்.

“ஏட்டி, ஆரு உன்னை இங்கின வந்து நிக்கச் சொன்னா?”

நடிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. சத்தியமாக அந்தக் கண்ஜாடைகள் அவளுக்கு நினைவே இல்லை. 

“நீதாம்மா. எப்பமும் நீதானே.”

 அவள் முந்தானை சரிந்தது கூடத் தெரியாமல் தெருவில் ஓடினாள்.

“எம்பிள்ளை தானா ஒளியல்ல. நாந்தான் இவ்வளவு காலமும் அவள ஒளிச்சு வச்சேன். போவாதீங்க.”

ஊரே கேட்டது. நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டேன்.

வண்டி நின்றது. மாடுகள் எங்கள் வீட்டை நோக்கித் திரும்பின, மணிச்சத்தம் நெருங்கியது. எதற்காக அத்தனை வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேனோ அதுவே வந்துகொண்டிருந்தது. என் கால்கள் மறுபடியும் விறகுப்புரைப் பக்கம் திரும்பிவிட்டன.