மதினி மிதித்த பிரேக்

டிரெய்லருக்குப் பின்னால் நான் நிற்பேன். ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் மதினியின் பாதி முகமும் மூக்குத்தியும் தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, “எரியுதா தம்பி?” என்று கேட்பார். “கல்யாண வீட்டு சீரியல் லைட்டு கணக்கா எரியுது மதினி” என்பேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் காலைதோறும் நடந்த இந்தச் சோதனையில் என் வேலை, எரிவதை எரிகிறது என்று சொல்வது மட்டுமே. அதிலும் ஒருவன் கோட்டை விட முடியும் என்று நிரூபித்தவன் நான்.

அண்ணனுக்குப் பட்டாளத்தில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் வடக்கே எங்கேயோ இருப்பார். மதினி வாடகைக்குப் பாத்திரம் விடும் தொழில் பார்த்தார். அண்டா, இட்லிக் கொப்பரை, கைப்பிடி ஆடும் வாளிகள் எல்லாம் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபங்களுக்குப் போகும். அண்ணன் லீவில் வந்தபோது வாங்கிப்போட்ட பழைய ஜீப்பை மதினி தானே ஓட்டப் பழகி, பட்டறையில் சொல்லி அதற்கு ஒரு டிரெய்லரும் அடித்து வாங்கினார். அந்த டிரெய்லருக்கு லைட் இணைக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். நான் வீட்டு வயரிங் செய்கிறவன். “ஒரு வீட்டுக்கே கரண்டு குடுக்கவன், வண்டிக்குக் குடுக்க மாட்டனா?” என்றேன். மதினி அண்டாவைத் துடைத்தபடியே, “வீடு ஓடாதே தம்பி” என்றார்.

மூன்று நாள் ஆயிற்று. வண்டியில் கரண்ட் போவதற்குத்தான் ஒயர், திரும்பி வருவது இரும்பு வழியாக என்பதே எனக்கு இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. அதுவரை இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கரண்ட் திரும்பி வருவதற்காக ஜீப்பிலிருந்து ஒரு எர்த் ஒயரை இழுத்து, டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியதும் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. பிறகு ஆயுத பூஜை வந்தது. டிரெய்லருக்குக் கிளிப்பச்சைப் பெயின்ட், இரண்டு கோட்டிங், நானே அடித்தேன். அந்தப் போல்ட்டையும் கழற்றி, அதன் அடியிலும் ஓரிடம் விடாமல் அடித்து, காய்ந்ததும் திரும்ப மாட்டினேன். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மதினி பிரேக்கை மிதித்தார். எரிந்தது.

ஐப்பசி முகூர்த்தம் ஒன்றில், பொழுது சாயும் நேரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபத்துக்குத் திரும்பும் வளைவில், பின்னால் மொபெட்டில் வந்தவர் டிரெய்லரில் மோதி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இண்டிகேட்டரும் எரியவில்லை, பிரேக் லைட்டும் எரியவில்லை என்றார் அவர். போட்டேன், மிதித்தேன் என்றார் மதினி. கூட்டம் கூடிவிட்டது. சேதி கேட்டு நான் கையில் டெஸ்டரோடு நீதிபதி மாதிரி போய் இறங்கினேன். வண்டி வயரிங்குக்கு அந்த டெஸ்டர் உதவாது என்பது வேறு விஷயம். மிதிக்கச் சொன்னேன், எரிந்தது. இண்டிகேட்டர் போடச் சொன்னேன், மினுக்கியது. “பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்” என்றது கூட்டம். போனில் அண்ணன், “ஏலே, ஒயரிங்ல கோளாறு உண்டா?” என்று கேட்டார். அத்தனை பேர் காதிலும் விழும்படி, “ஒயரிங் பக்காண்ணே, நானே பண்ணது” என்றேன்.

“அப்ப அவட்ட இருந்து சாவிய வாங்கிரு.”

சாவியை என் கையில் வைத்துவிட்டு, மதினி டிரெய்லரிலிருந்து அண்டாவை இறக்கப் போனார். கூலிக்கு ஒரு டிரைவர் வந்தார். மதினி பாத்திரங்களோடு ஒரு பாத்திரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “மிதிச்ச மாதிரிதான் இருக்கு தம்பி. ஆனா இப்ப எங்காலு மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றார். நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று ஞாபகமில்லை. அவர் சிரித்தது ஞாபகமிருக்கிறது, எனக்காகச் சிரித்தார்.

தை மாதம் மம்சாபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் பாத்திரம் போனது, மதினி வரவில்லை. பைக்கில் நான் பின்னால் போனேன். குண்டும் குழியுமான ரோட்டில் டிரெய்லர் சட்டென்று நின்றது. லைட் எதுவும் எரியவில்லை. என் மூக்கு பின்கதவைத் தொடாமல் நின்றது யார் செய்த புண்ணியமோ. ஓடிப்போய் டிரைவரிடம் கத்தினேன். “மிதிச்சேம்லா அண்ணாச்சி!” என்றார் அவர். மதினி அன்று சொன்ன அதே வார்த்தை. டிரைவர் சொன்னதை மட்டும் நான் உடனே நம்பினேன்.

குனிந்து போல்ட்டைக் கழற்றினேன். அடியில் என் கிளிப்பச்சை பளபளவென்று, கரண்டை விடாமல் மறித்துக்கொண்டு இருந்தது. வண்டி நிற்கும்போது போல்ட் எங்கோ ஓரத்தில் இரும்பைத் தொட்டிருக்கிறது, குலுங்கினால் விட்டிருக்கிறது. பிளேடால் சுரண்டி முடுக்க ஐந்து நிமிடம். அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து யோசித்து, மூட்டை தூக்கியவன் மாதிரி அலுத்துப்போய்த்தான் மதினியிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? அன்னைக்கு யாரு முன்னாடி சொன்னீகளோ, அவியள்ட்ட போயிச் சொல்லுங்க” என்றார்.

அண்ணனிடம் சொன்னேன், அவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. ஆனால் கூட்டத்தை எங்கே போய்த் தேடுவது? ஒரே மூச்சில் ஊருக்கே சொன்னதை, ஒவ்வொரு ஆளாகத் தேடித் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அந்த வளைவிலிருந்த டீக்கடைக்காரர் “எந்த ஆக்சிடென்ட்டு?” என்றார். மொபெட்காரர் வீட்டைக் கண்டுபிடித்தேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டவர், “அடப்பாவி! மில்லுக்குப் போற எம்மக ஸ்கூட்டர் கேட்டா. அந்தம்மாவ நெனச்சுத்தான வேண்டாம்னுட்டேன்” என்றார். மகள் உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்னிடம் ஜோக் இல்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது மதினி வாங்கி ஆணியில் மாட்டினார். ஒரு வாரம் அது அங்கேயே தொங்கியது. எட்டாம் நாள் அவரே எடுத்தார்.

இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார். எர்த்தை மூன்று இடத்தில் முடுக்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த வளைவுக்கு வெகு தூரம் முன்பே பிரேக்கை மிதித்துவிட்டு, மிதித்த காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். முந்திப் போகும்போது எட்டிப் பார்த்து மதினியைத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டை வாங்க வேண்டியவன் பக்கத்து சீட்டில், மடியில் இட்லிக் கொப்பரையோடு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.