செவலையின் சீம்பால்

அன்று தொழுவத்தில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். நான், கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மாட்டுக்காரர் காளிமுத்து. அவர் சம்சாரம் முத்துராக்கு. காளிமுத்துவின் சித்தப்பா செல்லையா. செவலைப் பசு. அதன் வயிற்றில் கன்று.

எட்டாவதோடு நின்றவன் நான். எழுதிப் பழக்கமில்லை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை மட்டும் எழுதுகிறேன்.

1. பாட்டில்

அபிராமத்துக்குப் பக்கத்து ஊர். காலையில் போன் வந்தது. விடிந்ததிலிருந்து மாடு முக்குகிறது, கன்று வரவில்லை என்றார்கள்.

மருந்தகத்து ஃப்ரீசரில் எப்போதும் ஒரு பாட்டில் சீம்பால் வைத்திருப்போம். எங்காவது மாடு ஈன்றால், கன்று குடித்தது போக மிச்சத்தைக் கேட்டு வாங்கி உறையவைப்பது. சீம்பாலை யாரும் விலைக்குத் தருவதில்லை. சும்மாதான் தருவார்கள். கஷ்டமான பிரசவம் என்றால் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவேன். அதற்கு ஒரு தெர்மாகோல் பெட்டி. ராமேஸ்வரத்து மீன் வந்த பெட்டி. எத்தனை கழுவியும் வாடை போகாது.

தொழுவத்தில் இறக்கி வைத்ததும் செல்லையா மூக்கைப் பிடித்தார்.

"வைத்தியம் பாக்க வந்தீகளா, மீன் விக்க வந்தீகளாப்பா?"

கன்றின் தலை திரும்பி மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தோள்வரை கைவிட்டு நேராக்கினார். நானும் காளிமுத்துவும் கயிறு போட்டு இழுத்தோம். வந்தது. கிடேரி. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தேன். மூச்சு விட்டது.

முத்துராக்கு கும்பிட்டார். செவலை கன்றாக இருந்தபோது தன் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்தவர் அவர். கொடுத்து அனுப்பிய அப்பா இப்போது இல்லை. செவலை அதுவரை ஈன்றதெல்லாம் காளை. இதுதான் முதல் கிடேரி.

"எங்கய்யா வீட்டு மாட்டு வம்சம் நெலச்சிருச்சுண்ணே" என்று என்னிடம் சொன்னார்.

மாடு தலையைத் தரையில் போட்டது. டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. உள்ளே எங்கோ ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. எல்லாம் உள்ளேயே கொட்டுகிறது. டிரிப் போடச் சொன்னார். போட்டேன். போடும்போதே டாக்டரம்மா திரும்பி, "அந்தப் பாட்டில்ல இருக்கறதச் சூடு பண்ணுங்கம்மா" என்றார். முத்துராக்கு பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டிரிப் பாதிகூட இறங்கவில்லை. மாடு போய்விட்டது.

2. அடுப்பு

உறைந்த சீம்பாலை அடுப்பில் வைக்கக் கூடாது. கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலோடு நிறுத்தி வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுப் பெண்ணிடம் சீம்பாலைக் கொடுத்துச் சூடு பண்ணு என்றால், அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சீம்பால் வந்தால் அடுப்பில் வைத்துக் கிண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

முத்துராக்கு சட்டியோடு வந்தார். மாடு செத்தது அவருக்கு இன்னும் தெரியாது.

"அண்ணே, கட்டியாப் போச்சுண்ணே. உருகட்டும்னுதான் வச்சேன்."

சட்டியைப் பார்த்தேன். கரண்டியை நட்டால் நிற்கும்.

காளிமுத்து கத்தினார். "ஏண்டி, திங்கவா கேட்டாக?"

முத்துராக்கு அப்போதுதான் மாட்டைப் பார்த்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

வேறு சீம்பால் இல்லை. ஊரில் அந்த வாரம் மாடு ஈனவில்லை, ஆடு ஈனவில்லை. பக்கத்து ஊர்களுக்குப் போன் போட்டேன். அங்கும் இல்லை. கமுதி மருந்துக் கடையில் கன்றுக்கான சீம்பால் பவுடர் கிடைக்கும் என்றேன். செல்லையா தலையை ஆட்டினார்.

"டப்பாப் பவுடரக் குடிச்சு வளந்த மாடு நாளைக்கு என்னத்தக் கறக்கும்? பவுடரத்தான் கறக்கும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. காளிமுத்துவிடம் சொன்னார். "அய்யா, பொறந்த கன்னுக்கு ரத்தத்துல எதிர்ப்பு சக்தியே இருக்காது. சீம்பால்லருந்துதான் போகணும். குடலோட உள்சவ்வு இப்ப சல்லடை மாதிரி தொறந்து கெடக்கு. குடிச்சது நேரா ரத்தத்துக்குப் போகும். நேரம் ஆக ஆக அந்த ஓட்டை அடைஞ்சுக்கிட்டே வரும். ஒரு நாள் போச்சுன்னா ஒண்ணுமே உள்ள போகாது. பவுடர் நாளைக்கும் கொடுக்கலாம், அது வேற வேலைக்கு. ஆனா கடைப் பவுடர் முதல் பாலு மாதிரி வராது."

சொல்லிவிட்டு மாட்டின் மடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மடி முட்டிக்கொண்டு நின்றது.

"மாடு நோவுல சாகல" என்றார் மெதுவாக. "மடி சுத்தமா இருக்கு. சூடு ஆறல."

3. மடி

செல்லையாவுக்கு முதலில் புரிந்தது. எழுந்துவிட்டார்.

"ஏலே காளிமுத்து, செத்த மாட்டுல பால் கறந்த வீடு வெளங்குமாடா? கன்னு போனாப் போகுது. வேண்டாம்."

காளிமுத்து கன்றையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. "உங்க மாடு. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நான் காத்திருந்தேன். கன்று எழ முயன்று விழுந்தது. இரண்டாம் முறை முட்டி போட்டது. செத்த மாட்டின் வயிற்றை முட்டிப் பால் தேடியது.

முத்துராக்கு எழுந்தார். செம்பைக் கழுவி எடுத்துவந்தார்.

"உசிரோட இருந்தா தன் கன்னுக்கு இல்லேன்னா சொல்லப் போறா? மாமா, நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

செல்லையா திரும்பிக்கொண்டார்.

நான் காம்பைத் துடைத்துப் பீய்ச்சிப் பார்த்தேன். கொஞ்சம்தான் வந்தது. உயிருள்ள மாடு பாலைத் தானே இறக்கும். இதில் மேலிருந்து மடியை அமுக்கி அமுக்கி இறக்க வேண்டும்.

"தள்ளுங்கண்ணே. ஒங்க கை அவளுக்குப் புதுசு."

மாடு படுத்த வாக்கில் கிடந்தது. காளிமுத்து பின்னங்காலைத் தூக்கிப் பிடித்தார். முத்துராக்கு குத்தவைத்துக் கறந்தார். தினமும் கறக்கும்போது சொல்வதையே சொன்னார்.

"நில்லும்மா. இந்தா ஆச்சு. நில்லும்மா."

மஞ்சளாக, கெட்டியாக வந்தது. சூடு பண்ண வேண்டியிருக்கவில்லை. நாலு காம்பும் ஓய்ந்த பிறகு அளந்தேன். ஒன்றேகால் லிட்டர். டாக்டரம்மா குறைந்தது இரண்டு லிட்டர் வேண்டும் என்றிருந்தார். இருப்பதை இன்றைக்கே இரண்டு வேளையாகக் கொடுங்கள் என்றார்.

கன்றின் வாயில் விரலை வைத்தேன். சப்பியது. நிப்பிள் பாட்டிலை மாற்றினேன். நிறுத்தாமல் குடித்தது. மீதியைச் சாயங்காலம் கொடுக்கச் சொன்னோம்.

செல்லையா திரும்பாமலே கேட்டார். "குடிச்சிருச்சாப்பா?"

"குடிச்சிருச்சு."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கொல்லைக் கடைசியில் மாட்டுக்குக் குழி வெட்டியது அவர்தான்.

4. பவுடர்

பவுடரும் வாங்கினோம். சாயங்காலம் வந்தது. மறுநாளிலிருந்து கொஞ்ச நாள் வேறு மாட்டுப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. அதுதான் சவ்வு மூடியிருக்குமே, பிறகு எதற்கு என்று நான் கேட்டேன்.

"ரத்தத்துக்குப் போகாதுண்ணே. ஆனா குடல் உள்சவ்வு மேல பூசின மாதிரி நிக்கும். கழிச்சல் கிருமி லேசுல ஒட்டாது. சவ்வு நல்லா வளரவும் ஒத்தாசையா இருக்கும். முதல் பால் செய்யுற வேலை வேற, இது வேற."

அந்த வாரக் கடைசியில் கன்றுக்குக் கழிச்சல் வந்தது. காளிமுத்து போனில் அழுதார். போய் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம். இரண்டு நாள் படுத்தது. பிறகு எழுந்து பால் குடித்தது. சீம்பால் இல்லாத கன்று என்றால் எழுந்திருக்காது என்றார் டாக்டரம்மா. அப்படிப் போன கன்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் கற்றுக்கொண்டது இது. ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படி என்றும் சொல்ல வேண்டும். அதன்பின் எந்த வீட்டிலும் பாட்டிலை நானே வெந்நீரில் நிறுத்தினேன். முத்துராக்குவை அதற்குப் பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை. காளிமுத்துவும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு அந்தக் கிடேரி ஈன்றது. பிரச்சினை இல்லாத பிரசவம். எங்களைக் கூப்பிடவே இல்லை. மறுநாள் முத்துராக்கு பஸ் ஏறி மருந்தகத்துக்கு வந்தார். கையில் தூக்குவாளி.

"கன்னு வயிறு நெறயக் குடிச்சிருச்சுண்ணே. இது ஒங்க பெட்டிக்கு."

அளந்துதான் கொண்டுவந்திருந்தார் போல. பாட்டிலில் ஊற்றி நானும் அளந்தேன்.

ஒன்றேகால் லிட்டர்.